நாளைய வீடுகளுக்கு இடம் எங்கே?
வலயத் திட்டத்தைக் கொண்டு உங்கள் கிராமத்தின் வீட்டு வளர்ச்சியைக் கணக்கிடுதல்

மீள்குடியேறும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எங்களுக்கு வீடு எப்போது கிடைக்கும்?" என்பதே. அது நியாயமான கேள்வி. கிராமமாகச் சேர்ந்து கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. இன்று குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் வளர்ந்து குடும்பமாகும்போது அவர்களுடைய வீடுகள் எங்கே வரும்?

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். மயிலிட்டி மக்கள் 1990இல் ஊரை விட்டு வெளியேறினார்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய காணிகளில் ஒரு பகுதியும் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டன. இடையில் 27 வருடங்கள். பத்து வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போன பெண் 37 வயதில் திரும்பி வருகிறாள், தன் கணவனோடும் பிள்ளைகளோடும். அவளுடைய தங்கையும் அப்படியே வருகிறாள். வளவு மட்டும் அதே அளவில் கிடக்கிறது. அன்று ஒரு குடும்பம் இருந்த வளவு இன்று இரண்டு, மூன்று குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னும் 15 வருடத்தில் எல்லாக் கிராமங்களிலும் இதே நிலை வரும். ஆகவே இன்று வீட்டை, கிணற்றை, மலசலகூடத்தை எங்கே வைக்கிறோம் என்பதே நாளை எத்தனை வீடு கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அத்திவாரம் போட்ட பிறகு அதை மாற்ற முடியாது. அதற்கு முன் ஒரு வரைபடத்தில் கணக்குப் பார்ப்பது எப்படி என்று இந்தப் பாடம் காட்டுகிறது.

தேவையானவை

1. கிராமத்தின் வரைபடம். காணித் துண்டுகளின் எல்லை, வீதி, குளம், வாய்க்கால் என்பன அதில் இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அல்லது நில அளவைத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 1:1000 அளவுத்திட்டம் வசதியானது. தாளில் ஒரு சென்றிமீற்றர் நிலத்தில் 10 மீற்றர்.
2. உங்கள் பகுதிக்கு வலயத் திட்டம் இருந்தால் அதன் பிரதி. பிரதேச சபையில் அல்லது நகர அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலகத்தில் பார்க்கலாம்.
3. கிராம அலுவலரிடம் உள்ள குடும்ப விபரம்.
4. நிறப் பென்சில்கள், அளவுகோல், கவராயம், அளவு நாடா.

இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய வேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகச் செய்யுங்கள். மாரியில் வெள்ளம் எதுவரை வரும், எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பதை அறிந்த மூத்தவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

படி 1: வலயத் திட்டத்தை வாசித்தல்

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், ஒரு பகுதியை அமைச்சர் வர்த்தமானி மூலம் அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தலாம். அப்படிப் பிரகடனப்படுத்திய பகுதிக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கப்படும். அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் குடியிருப்பு, வர்த்தகம், விவசாயம், பாதுகாக்கப்பட வேண்டிய இடம் என வலயங்கள் நிறத்தால் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

நிறத்தைப் பார்த்தவுடன் முடிவுக்கு வர வேண்டாம். முதலில் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தை வாசியுங்கள். பிறகு உங்கள் வலயத்துக்குரிய விதிகளில் ஐந்து விடயங்களைத் தேடி எழுதுங்கள்: என்ன பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு, காணித் துண்டு ஆகக்குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும், காணியில் எவ்வளவு பங்கைக் கட்டடம் மூடலாம், எத்தனை மாடி கட்டலாம், துண்டுக்குப் போகும் பாதை எவ்வளவு அகலம் வேண்டும். திட்டம் எந்த ஆண்டுக்குரியது என்பதையும் குறியுங்கள்.

உங்கள் கிராமத்துக்கு வலயத் திட்டமே இல்லாமலும் இருக்கலாம். அதனால் எங்கும் கட்டலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே பிரதேச சபையின் கட்டட அனுமதி, கமநல அபிவிருத்தித் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், வனப் பாதுகாப்புத் திணைக்களம், கரையோரத்துக்குப் பொறுப்பான திணைக்களம் ஆகியவற்றின் கட்டுப்பாடுகள் எல்லாம் சேர்ந்தே வலயத் திட்டத்தின் வேலையைச் செய்கின்றன. அவற்றை ஒரே வரைபடத்தில் கொண்டுவருவதே அடுத்த படி.

படி 2: கட்ட முடியாத இடங்களைக் கழித்தல்

கீழே உள்ளவற்றைச் சிவப்பு நிறத்தால் மூடுங்கள்.

வயல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்து மூல அனுமதியின்றி வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. வீதியோர வயலை மண் போட்டு நிரப்பி விற்பவர்கள் இருப்பார்கள். வாங்குகிறவருக்கு உறுதி கிடைக்கலாம். கட்டட அனுமதி கிடைக்காமல் போகலாம்.

குளமும் நீர் போகும் வழியும். குளக்கட்டு, அலைகரை, வான் பாயும் வழி, வாய்க்கால் ஓரம் என்பன இதில் அடங்கும். கோடையில் அலைகரை நல்ல மேட்டுக் காணி போலத் தெரியும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் எங்கெல்லாம் போனது என்பதை நேரில் கண்டவர்கள் உங்கள் கிராமத்தில் இருக்கலாம். வெள்ளம் வந்த எல்லையை அவர்களிடம் கேட்டு வரையுங்கள்.

கரையோரம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். இத்தகைய கோடுகள் காலத்துக்குக் காலம் மாறும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் ஏனைய கரைகளில் 100 மீற்றரும் வீடு கட்டக் கூடாத இடமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டன. எனவே எந்தக் கோட்டை வரைந்தாலும் பக்கத்தில் திகதியை எழுதுங்கள்.

பொது இடங்கள். பாடசாலை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மயானம், விளையாட்டு மைதானம், வீதி. வீதியோரக் கட்டடக் கோட்டை வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்திடம் கேட்டுக் குறியுங்கள்.

மிதிவெடி அகற்றி முடிந்ததாகக் கையளிக்கப்படாத இடம். இதில் ஊகத்துக்கு இடமில்லை. கையளிக்கப்பட்டது உறுதியாகத் தெரியாவிட்டால் அது சிவப்பே.

சில இடங்களைச் சிவப்பிலும் சேர்க்க முடியாது, பச்சையிலும் சேர்க்க முடியாது. அவற்றுக்கு மஞ்சள் நிறம் போடுங்கள். முப்பது வருடம் ஆளில்லாமல் பற்றை மண்டி, காடு போலத் தெரியும் பழைய குடியிருப்புக் காணி மஞ்சள். அதற்குள் பழைய கிணற்றுக் கட்டு, அத்திவாரம், தென்னை, மா நிற்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். பிரதேச செயலகத்தில் உரிமையைப் பேசும்போது அவை சாட்சி. தமிழ்நாட்டு முகாம்களில் அல்லது வேறு மாவட்டங்களில் இன்னும் இருக்கும் குடும்பங்களின் வளவுகளும் மஞ்சள். ஆள் வரவில்லை என்பதற்காக அவற்றை வெறுங்காணியாக எண்ண வேண்டாம்.

எஞ்சியதற்குப் பச்சை நிறம் போடுங்கள்.

படி 3: கிணற்று வட்டம்

பச்சைப் பகுதியை ஆகக்குறைந்த துண்டு அளவால் வகுத்தால் வீடுகளின் எண்ணிக்கை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்குப் பிழைக்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஒரு துண்டுக்கு வைத்த ஆகக்குறைந்த விஸ்தீரணம் 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். ஒரு ஏக்கர் 160 பேர்ச். இந்த அளவில் வகுத்தால், பாதைக்கு விடாமலே, ஏக்கருக்கு 26 வீடு வரும். குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் உள்ள நகரத்தில் இதைப் பற்றிப் பேசலாம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கிராமத்தில் அது நோயைக் கொண்டுவரும்.

மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் நியமத்தின்படி, மலசலகூடக் குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி, இருக்க வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியாக நீர் வேகமாகப் போவதால் இந்தத் தூரமும் போதாமல் போகலாம். உங்கள் இடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இப்போது கவராயத்தை எடுங்கள். 1:1000 வரைபடத்தில் 30 மீற்றர் என்பது 3 சென்றிமீற்றர். ஒவ்வொரு கிணற்றையும் மையமாக வைத்து 3 சென்றிமீற்றர் ஆரையில் வட்டம் வரையுங்கள். பக்கத்து வளவுக் கிணறுகளையும் விடக் கூடாது. வட்டத்துக்குள் வீடு வரலாம், மலசலகூடக் குழி வரக் கூடாது. எல்லா வட்டங்களையும் வரைந்து முடித்ததும், குழிக்கு எங்கே இடம் மிஞ்சுகிறது என்று தெரியும். பல கிராமங்களில் வீடுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது இந்த வட்டங்களே.

அதனால்தான் பங்குக் கிணறு என்ற பழைய வழக்கம் இன்றைக்கும் பெறுமதியானது. இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்றால் ஒரு வட்டம் குறைகிறது. அந்த அளவுக்கு இடமும் கூடுகிறது.

படி 4: வளவு வளவாகப் பார்த்தல்

புதிய வீடுகளில் பெரும்பங்கு வெறுங்காணியில் வருவதில்லை. ஏற்கெனவே வீடுள்ள வளவின் பின்பக்கத்தில் அல்லது பக்கவாட்டில்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வளவுக்கும் நேரில் போய் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, பின்காணிக்குப் பாதை உண்டா? அரை ஏக்கர் வளவு ஒன்றை எடுப்போம். வீதியோரம் 66 அடி, ஆழம் 330 அடி, மொத்தம் 21,780 சதுர அடி. வளவுக் காணிக் கணக்கில் இது 8 பரப்பு. (வளவுக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். வயல் காணியில் பரப்புக் கணக்கு வேறு. உறுதியை வாசித்துப் பாருங்கள்.) ஒரு எல்லையோரம் 15 அடி அகலத்தில் 165 அடி நீளத்துக்கு ஒழுங்கை விட்டால் போவது 2,475 சதுர அடி, ஒரு பரப்புக்கும் குறைவு. முன் துண்டு 51க்கு 165 அடி, 3 பரப்புக்குச் சற்று மேல். பின் துண்டு 66க்கு 165 அடி, சரியாக 4 பரப்பு. இரண்டு குடும்பம் தாராளமாக இருக்கலாம்.

இதே வளவில் முன்பக்கத்தில், அகலத்தின் நடுவே வீட்டைக் கட்டி, ஒரு பக்கம் கிணறும் மறுபக்கம் மலசலகூடமும் வைத்தால் எந்தப் பக்கமும் 15 அடி மிஞ்சாது. பின்னால் 4 பரப்புக் கிடந்தும் அங்கே லொறி போகாது, நோயாளியை ஏற்ற வாகனம் வராது, அனுமதிக்கு விண்ணப்பித்தாலும் பாதை இல்லை என்று திரும்பும். வீட்டைப் பத்து அடி தள்ளி வைக்காததால் ஒரு தலைமுறைக்குரிய இடம் அடைபட்டுப் போகிறது.

இரண்டாவது, குழிக்கு இடம் உண்டா? மேலே சொன்ன வளவில் பங்குக் கிணற்றை நடுவில், இரு துண்டும் சேரும் எல்லையில் வைத்து, முன் வீட்டுக் குழியை வீதிப் பக்கமும் பின் வீட்டுக் குழியைப் பின்வேலிப் பக்கமும் வைத்தால் இரண்டும் 100 அடிக்கு அப்பால் நிற்கும். அடுத்த வளவுகளும் அதே ஒழுங்கில் கிணறும் குழியும் வைத்தால் யாருக்கும் இடையூறு இல்லை. வளவின் அகலம் 66 அடிதான் என்பதால், ஒருவர் நடுவில் குழி வெட்டினாலும் இரு பக்கத்துக் கிணறுகளும் கெடும்.

மூன்றாவது, சட்டப்படி பிரிக்கலாமா? 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியையோ அளிப்புக் காணியையோ நீங்களாகத் துண்டாட முடியாது. எவ்வளவுக்குக் குறைவாகப் பிரிக்கக் கூடாது என்பது ஆவணத்தின் அட்டவணையில் இருக்கும். பின்னுரித்தாளர் பெயரிடப்பட்டுள்ளாரா என்பதையும் பாருங்கள். உறுதிக் காணியென்றால் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். பிரிக்கும் நில அளவைப் படத்துக்கு உள்ளூராட்சி சபையின் அங்கீகாரம் தேவையா என்று கேளுங்கள்.

படி 5: எத்தனை வீடு தேவைப்படும்?

குடும்ப விபரத்தில் இன்று 5 முதல் 20 வயது வரை உள்ள பிள்ளைகளை எண்ணுங்கள். அடுத்த 15 வருடத்தில் குடும்பமாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் இவர்களே. எங்கள் வழக்கத்தில் வளவு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மகன் மனைவியின் ஊருக்குப் போகிறான். ஆகவே பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை புதிய வீடுகளுக்கு ஒரு நல்ல முதல் மதிப்பீடு. உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருந்தால் அதன்படி எண்ணுங்கள். ஊரை விட்டுப் போகிறவர்களும் உண்டு, ஊருக்குள் வருகிறவர்களும் உண்டு. இரண்டையும் குழுவில் பேசி ஒரு எண்ணுக்கு வாருங்கள். ஏற்கெனவே ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டாவது குடும்பங்களைத் தனியாகச் சேர்க்கவும்.

மாதிரிக் கணக்கு

கீழே உள்ளது பயிற்சிக்காக அமைத்த கிராமம். உண்மையான இடம் அல்ல.

மொத்த நிலம் 120 ஏக்கர். இதில் வயல் 46, குளமும் ஒதுக்கும் 18, காடு 14, வீதி 7, பொது இடம் 5. சிவப்பு மொத்தம் 90 ஏக்கர். மிஞ்சுவது 30 ஏக்கர். அதில் அரை ஏக்கர் வீதம் 60 வளவுகள், எல்லாவற்றிலும் குடும்பங்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் கிராமம் நிரம்பிவிட்டது.

வளவு வளவாகப் பார்த்தபோது கிடைத்தது:
பக்கத்தில் ஒழுங்கை விட இடமுள்ள வளவுகள்: 22
இரு பக்கம் வீதியுள்ள வளவுகள்: 13
வீடும் கிணறும் மலசலகூடமும் வழியை அடைத்த வளவுகள்: 15
வெள்ளத்தால் அல்லது கிணற்று வட்டத்தால் இரண்டாம் வீடு வர முடியாத வளவுகள்: 10

ஆகவே இரண்டாம் வீடு வரக்கூடியவை 35. இவற்றில் 9 வளவுகளின் ஆவணம் பிரிப்பதற்கு இடம் கொடுக்கவில்லை. பிரதேச செயலாளரின் தீர்மானம் வேண்டும். எனவே உறுதியானவை 26, நிபந்தனையுள்ளவை 9.

5 முதல் 20 வயது வரையான பெண் பிள்ளைகள் 42. எல்லாம் சரிவந்தாலும் 7 குடும்பங்களுக்கு இடமில்லை. ஒன்பது வளவுகளின் விடயம் முடியாவிட்டால் 16 குடும்பங்களுக்கு இடமில்லை. வழி அடைபட்ட 15 வளவுகளில் ஏழிலாவது வீட்டை ஓரமாகக் கட்டியிருந்தால் முதல் பற்றாக்குறை வந்திருக்காது.

கணக்கை என்ன செய்வது?

இன்னும் அத்திவாரம் போடாத குடும்பங்களிடம் முதலில் போங்கள். வீட்டுத் திட்டப் பணம் கட்டம் கட்டமாக வேலையைப் பார்த்தே வரும். ஒரு கட்டம் முடிந்தபின் இடத்தை மாற்றுவது எளிதல்ல. நிலையம் எடுக்கும் நாளிலேயே ஆசாரியாரிடமும் தொழினுட்ப உத்தியோகத்தரிடமும் ஒழுங்கைக்கான 15 அடியைச் சொல்லிவிடுங்கள். ஒழுங்கை எல்லையில் இன்றே கதியால் நட்டுவிட்டால், நாளை அண்ணன் தம்பிக்குள் அந்த 15 அடியைப் பற்றிப் பேச்சு வராது.

வழி அடைபட்ட வளவுக்காரர் பக்கத்து வளவுக்காரருடன் பேசி, இருவர் எல்லையிலும் பாதிப் பாதி விட்டுப் பொது ஒழுங்கை அமைக்கலாம். வாய்ச்சொல்லோடு விடாமல் நில அளவைப் படத்திலும் உறுதியிலும் அதை ஏற்ற வேண்டும்.

அப்படியும் இடம் போதாவிட்டால் பற்றாக்குறையை எண்ணிக்கையாக எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். "எங்களுக்குக் காணி வேண்டும்" என்பது ஒரு கோரிக்கை. "60 வளவுகளையும் பார்த்தோம், 35இல் இடமுண்டு, 42 வீடு தேவைப்படும், 9 ஆவணங்கள் உங்கள் தீர்மானத்துக்காக நிற்கின்றன, 7 குடும்பங்களுக்கு அரச காணி வேண்டும்" என்று வரைபடத்தோடு கொடுப்பது ஒரு திட்டம். அதற்கு அலுவலகம் ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். வலயத் திட்டம் தயாரிக்கும்போதோ திருத்தும்போதோ இதே வரைபடம் உங்கள் கிராமத்தின் கருத்தாகவும் போகலாம்.

வரைபடத்தைப் பொது நோக்கு மண்டபச் சுவரில் தொங்கவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்த பிறகு, புதிய வீடு, கிணறு, வெள்ள எல்லை மூன்றையும் திருத்துங்கள். காணிப் பிணக்கு உள்ள வளவுகளில் உரிமையாளர் பெயரை எழுத வேண்டாம், இலக்கம் போதும்.

பயிற்சி

1. உங்கள் வளவை ஒரு தாளில் அளவோடு வரைந்து வீடு, கிணறு, மலசலகூடம், படலை ஆகியவற்றைக் குறியுங்கள். உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவுக் கிணறுகளுக்கும் 100 அடி வட்டம் போடுங்கள். குழி எங்கே நிற்கிறது?
2. பின்காணிக்கு 15 அடி வழி உண்டா? எந்தப் பக்கம்?
3. உங்கள் காணி ஆவணத்தின் அட்டவணையில் பிரிப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது? பின்னுரித்தாளர் யார்?
4. உங்கள் வீட்டில் இன்று 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுடைய வீட்டை இந்தத் தாளில் எங்கே வரைவீர்கள்?

நான்காவது கேள்விக்கு வீட்டில் எல்லோருமாக இருந்து விடை எழுதுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். கிராம வரைபடத்தில் உங்கள் வளவின் இலக்கத்துக்கு நேரே அதைச் சேர்ப்போம்.